நான்காவது புரூஃப்

நர்சிங் பள்ளிக்கு ஒரு சுவர்ப்படம்.
இருபதுக்கு முப்பது, மேட் லேமினேஷன், ஐம்பது பிரதி.
லாங் பஜார் மாடியில்
மே மாதத்து மூன்று மணிக்கு
கணினியே அடுப்பாகக் காயும்.
கீழே வெங்காய மூட்டை இறக்குகிற சத்தம்.

பழைய படத்தை ஸ்கேன் எடுத்து
பெயர்களை மட்டும் தமிழாக்கச் சொன்னார்கள்.
கருப்பை. கருக்குழாய். சினைப்பை.
சிறுநீர்ப்பைக்குக்கூட ஒரு கோடு இருந்தது.
மேலே, இதழ்கள் இரண்டும் கூடுமிடத்தில்
ஒரு புள்ளி.
கோடு இல்லை, பெயர் இல்லை.
அச்சுத் தூசி என்று அழிக்கப் போனேன்.

மவுஸ் மேல் விரல் நின்றுவிட்டது.

இந்த இடம் எனக்குத் தெரியும்.
இருபத்தேழு வயதில், கல்யாணமாகி நாலாம் வருஷம்,
கோதண்டன் ராணிப்பேட்டைக்கு நைட் ஷிஃப்ட் போயிருந்த
ஒரு ராத்திரி
தற்செயலாகத் தெரிந்துகொண்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதற்கொரு பெயர் வேண்டுமே.

ஜெபசீலி மேடத்துக்கு போன் போட்டேன்.
குரலைத் தணிக்காமலே சொன்னார்:
வெளியில தெரியறது நுனிதாம்மா.
மீதியெல்லாம் உள்ள.
ரெண்டு கால் மாதிரி எலும்பை ஒட்டி இறங்கும்,
வாசலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு குமிழ்,
ரத்தம் ஏறினா அத்தனையும் பருக்கும்.
மொத்தம் உன் நடுவிரலைவிட நீளம்.

நடுவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
முதலாளி இருமினார்.

அகராதியில் ஒரு சொல் வடமொழியில் முக்காடு போட்டிருந்தது.
இன்னொன்று, ஆணுடையதன் சிறியது என்றது.
மூன்றாவது, தெருக்குழாயில் சண்டை வந்தால் கேட்கிற வசவு.
பரீட்சைக்காக கிளிட்டோரிஸ் என்று அடித்து
பக்கத்தில் மணி என்று சேர்த்தேன்.
பன்னிரண்டு பாயிண்ட். கருப்பைக்குப் போட்ட அதே அளவு.
பத்து போதும்ல, என்றார் முதலாளி.
குறைக்கவில்லை.

பாலாற்றைச் செத்த ஆறு என்பார்கள்,
பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவர்கள்.
போன கோடையில் விருதம்பட்டுக்குத் தண்ணீர் லாரி வராத
பதினோரு நாளும் மணலில் ஊற்றுத் தோண்டினோம்.
முழங்கை ஆழத்தில் முதலில் ஈரம்கூட இருக்காது,
குளிர்ச்சி மட்டும்.
பிறகு மணல் நிறம் மாறும்.
அப்போது கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.
அவசரப்பட்டு மொண்டவள் குடத்தில் சேறு.

உடம்பு அத்தனை எளிதுமில்லை.
கரண்ட் பில், சின்னவன் இருமல்,
கட்டில் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்குமோ.
சில நாள் ஈரம் வரும், ஆசை வராது.
சில நாள் ஆசை முன்னதாக வந்து காத்திருக்கும்,
உடம்பு கடைசி பஸ்ஸில் வரும்.
வராமலே போன நாட்களில்
வந்தது போல் ஒரு பெருமூச்சு விடக் கற்றிருந்தேன்.

மூன்றாவது புரூஃபைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
இன்னாது இது?
நான்தான்.
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
தொட்டே தோலின் பதம் சொல்கிற விரல் அவனுக்கு;
படத்தின் கோட்டை அதே விரலால் தடவிப் போனான்.
இத்தினி வருசமா சொல்லவே இல்லியே.
நீ கேக்கல, என்று வாய்வரை வந்தது.
எனக்கே பேர் தெரியாது, என்றேன்.
பாதி உண்மை.

இங்கயா.
இல்ல, கொஞ்சம் மேல. நேரா வேணாம், ஓரமா.
அங்கியே இரு. மாத்தாத.
மாத்தாதன்னேன்ல.

நேரம் ஆனது. ஆகட்டும் என்றிருந்தோம்.
தொடையின் உட்புறம் நடுங்கி, பாதம் மடங்கி,
உள்ளே எதுவோ இறுகி விட்டு, இறுகி விட்டு,
ஏழுவரை எண்ணினேன்.
அப்புறம் சிரிப்பு. காரணமில்லாமல் கண்ணில் நீர்.
இன்னாடி ஆச்சு, என்று பயந்துபோனான்.

நான்காவது புரூஃபில்
உள்ளிறங்கும் கால்களையும் குமிழ்களையும்
புள்ளிக்கோடாக வரைந்து சேர்த்தேன்.
மேடம் ஓரத்தில் சரி என்று எழுதினார்.

ஐம்பத்தோராவது தாளில் மை சற்றுக் கூடிவிட்டது.
கழிவு ஒன்று எனக் கணக்கில் எழுதி
பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.